அந்தச் சிரிப்பு யாருக்கு?

பெரியவர் செத்து விழுந்தார்.

அறையே கைதட்டியது!

"பிச்சுட்டீங்க சார்!" என்று டைரக்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

பாவம், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. காட்சி அப்படி. வாடகை இரண்டு மடங்கு என்று வீட்டு ஓனர் சொல்ல வேண்டும். கேட்டதும் குடித்தனக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தடாலென்று விழ வேண்டும். குடித்தனக்காரர் வசனம் பேசிய பெரியவரும் விழுந்தார்.

"கட்! எழுந்திருங்க சார்..."

எழுந்திருக்கவில்லை.

"சார்... கட் சொல்லியாச்சு..."

பெரியவரின் உதட்டோரம் நுரை!

கேமராமேன் குனிந்து தொட்டுப் பார்த்தார். சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார்.

"டைரக்டர்... இது நடிப்பு இல்லே!"

கதவு திறந்தது. வெளியே வராந்தாவில், பச்சைக் கோட்டும் ஒட்டு மீசையுமாக வரிசையாக உட்கார்ந்திருந்த அத்தனை வீட்டு ஓனர்களும் எட்டிப் பார்த்தார்கள். அவர்களைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் ஓடி வந்தாள்.

"அப்பா...!"

அலறியவள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். எதிரே, பச்சைக் கோட்டில், காபி கப்பும் கையுமாக விறைத்து நின்றுகொண்டிருந்தான் ஒருவன்.

அவள் புருஷன்.

* * *

இன்ஸ்பெக்டர் வந்தார். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத பெண். அவருக்கும் சேர்த்து ஏட்டு பேசினார்.

"மேடம், இவர் யார்னு தெரியுதா? அந்தப் பழைய காமெடி சீரியல்லே வீட்டு ஓனரா வருவாரே! சீரியல் ஓடுற நேரத்துலே எங்க தெருவிலே ஆள் நடமாட்டமே இருக்காது மேடம்!"

"வீட்டு ஓனரா? அப்ப குடித்தனக்காரர் வசனத்தை ஏன் பேசினார்?"

டைரக்டர் தாடியைச் சொறிந்தார்.

"அந்த சீரியலைத்தான் மேடம் மறுபடியும் எடுக்கிறோம். புது ஆளுங்களை வச்சு. இவரும் டெஸ்ட்டுக்கு வந்தார். வராந்தாவிலே எல்லாரோடயும் உக்காந்து, முறை வந்ததும் நடிச்சுக் காட்டினார்."

"அவர் ரோலுக்கே டெஸ்ட்டா?"

"ஆமா. ஆனா செலக்ட் பண்ணலை. பழைய ஓனர் மாதிரி இல்லேன்னு எல்லாருமே சொல்லிட்டாங்க."

"பழைய ஓனரே அவர்தானேய்யா!"

"அதான் மேடம் சங்கடமாப் போச்சு."

இன்ஸ்பெக்டர் அவரை ஒரு பார்வை பார்த்தார். டைரக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இவர் மருமகன் நல்லாப் பண்றார் மேடம். கல்யாண ரிசப்ஷன், ஆபீஸ் ஃபங்ஷன்னு மாமனாரை மிமிக்ரி பண்ணித்தான் பொழப்பே. அச்சு அசல்! அவரைத்தான் எடுக்கறதா இருந்தோம். இன்னிக்குக் கடைசி டெஸ்ட். எதிர் வசனம் பேச ஆள் வேணும்னதும், நானே வர்றேன்னு பெரியவர் சொன்னார்."

"கோபம் எதுவும் இல்லையா?"

"ஊஹூம். சிரிச்ச முகமா இருந்தார்."

போலீஸ் டாக்டர் மூலையிலிருந்து நிமிர்ந்தார்.

"காபியிலே விஷம். இவர் குடிச்ச கப்லே மட்டும். ஃபிளாஸ்க் சுத்தம். இன்னொரு கப் சுத்தம்."

இன்னொரு கப், மருமகன் குடித்தது.

ஏட்டு அதற்குள் வேலையில் இறங்கியிருந்தார். பச்சைக் கோட்டின் வலது பாக்கெட்டில் கையை விட்டார். வெளியே எடுத்தார்.

சின்ன பாட்டில். காலி!

"மேடம்! பார்ட்டி நமக்கு அதிகம் சிரமம் கொடுக்கலை!"

* * *

மேக்கப் அறை. கண்ணாடியைச் சுற்றிலும் பல்பு. பாதி எரியவில்லை. மருமகனின் ஒட்டு மீசை ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது.

"சத்தியமா அந்த பாட்டிலை நான் பார்த்ததே இல்லை மேடம்!"

"உங்க பாக்கெட்லே இருந்தது."

"எப்படி வந்துச்சுன்னு தெரியலை!"

"மாமனாருக்கும் உங்களுக்கும் எப்படி?"

அவன் தலை குனிந்தான்.

"என்னைக் கண்டாலே ஆகாது. 'என் மூஞ்சியை வாடகைக்கு விட்டுப் பொழைக்கிறவன்'னு சொல்லுவார். கல்யாணம் ஆன நாளா அவர் வீட்டுலே ஒரு வாய் காபி எனக்குக் கிடைச்சதில்லை. எல்லாருக்கும் வரும். எனக்கு மட்டும் வராது."

"உங்களுக்கும் அவர் மேலே கோபம்?"

"இருந்துச்சு." உடனே நிமிர்ந்தான். "ஆனா கொல்ற அளவுக்கா? அவர் மாதிரி பேசி, அவர் மாதிரி நடந்து, கண்ணாடியிலே என் மூஞ்சியே எனக்கு மறந்து போச்சு மேடம். அவரைக் கொன்னுட்டு நான் யாரா இருப்பேன்?"

இன்ஸ்பெக்டர் வெளியே வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள் மகள். அழுது அழுது குரலே போயிருந்தது.

"மேடம், அப்பா போயிட்டார். இவரையும் கூட்டிட்டுப் போயிட்டா என் பொண்ணுகிட்ட நான் என்ன சொல்லுவேன்? உங்க தாத்தாவை உங்க அப்பாதான் கொன்னார்னா?"

"அந்தக் கோட்டு யாருது?"

"அப்பாவோடது. சீரியல்லே போட்டது. பீரோவிலே மடிச்சு வச்சிருந்தார். இவருக்கு ரோல் கிடைக்கும்னதும் நான்தான் எடுத்து, தோள்லே பிடிச்சுத் தைச்சேன். தைக்கும்போது அப்பா பக்கத்துலே வந்து நின்னார்."

"என்ன சொன்னார்?"

"'நல்லாயிருக்கும்மா'ன்னார். அவ்வளவுதான். நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? ரெண்டு பேரும் இனிமே ஒத்துமையாயிடுவாங்கன்னு நம்பிட்டேன் மேடம். மடச்சி!"

* * *

"டெஸ்ட்டை ரெக்கார்ட் பண்ணியிருப்பீங்களே... போடுங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

கேமராமேன் போட்டார். திரையில் மருமகன் மட்டும்தான் தெரிந்தான்.

"பெரியவர் எங்கே?"

"டெஸ்ட்லே எதிர் வசனம் பேசறவங்களை எடுக்க மாட்டோம் மேடம். கேமரா, செலக்ஷனுக்கு வந்தவர் மேலேயேதான் இருக்கும்."

பெரியவரின் குரல் மட்டும் கேட்டது. ஃபிளாஸ்க் திறக்கும் ஓசை. கரண்டி கலக்கும் ஓசை. ஓரத்திலிருந்து ஒரு கப் நீண்டது. மருமகன் வாங்கிக்கொண்டான். இன்னொரு கப் முக்காலியில் வந்து உட்கார்ந்தது. 'நீங்க ஓனரா? என் கூடப் பொறந்தவர்!' என்ற வசனத்தோடு இரண்டு கைகள் மருமகனைக் கட்டி அணைத்துவிட்டு விலகின. பிறகு பீரோவைத் திறந்து வாடகைப் பணத்தைத் தேடும் சத்தம்.

"இந்த இடத்துலே குடித்தனக்காரர் திரும்பி நிப்பார் மேடம்," என்றார் டைரக்டர்.

திரையில் மருமகன் இந்தப் பக்கம் பார்த்தான். அந்தப் பக்கம் பார்த்தான். முக்காலியில் இருந்த கப் தன்னுடையதைவிடத் ததும்பி நிற்பதைப் பார்த்தான். முகம் கோணியது. பூனை மாதிரி நகர்ந்து...

இரண்டு கப்பையும் மாற்றி வைத்தான்!

அப்போது அறையில் வெடித்த சிரிப்பு ரெக்கார்டிலும் வெடித்தது. ஏட்டு கூடச் சிரித்துவிட்டார். பிறகு தன் உத்தியோகம் ஞாபகம் வந்தது.

"கையும் களவுமா மாட்டிக்கிட்டான் மேடம்! விஷத்தை இந்தப் பக்கம் தள்ளிட்டான்!"

"டைரக்டர், ஸ்கிரிப்ட்லே இது இருக்கா?"

"பழைய சீரியல்லே இருந்துச்சு. பெரியவரே கண்டுபிடிச்ச காமெடி அது. புது ஸ்கிரிப்ட்லே வெட்டிட்டோம். இவர் தானாப் பண்ணினார்."

கதவோரம் நின்ற மருமகனுக்கு முகம் வெளுத்துவிட்டது. மகள் அவனையே பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவன் ஜெயிலுக்கே போயிருக்கலாம்.

"அதுவரைக்கும் யாருமே சிரிக்கலை மேடம்..." அவன் குரல் உடைந்தது. "நானும் முக்கி முக்கிப் பார்க்கறேன். டைரக்டர் கொட்டாவி விட்டார். ரோல் கையை விட்டுப் போகுதுன்னு தெரிஞ்சுபோச்சு. மாமா அந்த இடத்துலே என்ன பண்ணுவாரோ, அதைக் கை தானாப் பண்ணிடுச்சு..."

"அரெஸ்ட் பண்ணிடலாமா மேடம்?" ஏட்டு பரபரத்தார்.

"மறுபடியும் போடுங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

போட்டார்கள்.

"மறுபடியும்."

ஏட்டுக்குப் பொறுமை போனது. "மேடம், எத்தனை தடவை பார்த்தாலும் அவன் மாத்தத்தான் செய்வான்..."

"மாத்தறான். ஆனா எதையாவது கலக்கறானா?"

ஏட்டு திரையை நெருங்கிப் பார்த்தார்.

"கேமரா ஒரு நொடி கூட இவரை விட்டு விலகலை. கையிலே பாட்டில் இல்லை. பாக்கெட் பக்கமே கை போகலை. அப்ப விஷம் எப்போ கலந்தது? கப் இவர் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே. அந்த காபியைக் கலந்து கொடுத்தது யாரு?"

மகள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"கட்டிப் பிடிக்கிற இடத்துலே நிறுத்துங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "பெரியவரோட இடது கையைப் பாருங்க."

திரையின் ஓரத்தில் ஒரு சுருங்கிய கை. தோல் பட்டை அறுந்து நூலால் கட்டிய கைக்கடிகாரம். விரல்களுக்கிடையே சின்னதாக ஏதோ மின்னியது. அது பச்சைக் கோட்டின் பாக்கெட்டுக்குள் போனது. வெறுமையாக வெளியே வந்தது.

"நம்ம பார்ட்டி இல்லையா மேடம்?" ஏட்டு இழுத்தார்.

"மருமகன் தானே விஷம் குடிச்சுச் செத்தான்னு நாம நம்பணும். அதுக்குத்தான் பாட்டில் அங்கே."

"அப்பாவா...?" மகளின் குரல் வரவே இல்லை. உதடு மட்டும் அசைந்தது.

"ஆனா மேடம்," டைரக்டர் குழம்பினார், "கப் மாத்தற காமெடியே அவரோடதுதானே? அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அவருக்குத் தெரிஞ்சிருக்க வேண்டாமா?"

"சத்தத்தைக் கூட்டுங்க."

கேமராமேன் கூட்டினார். பீரோவைக் குடையும் சத்தம். சிரிப்பு. அது அடங்கும் முன், கேமராவுக்கு வெளியிலிருந்து பெரியவரின் குரல். நடுங்கிய, சின்னப் பிள்ளையின் குதூகலத்தோடு ஒரு குரல்.

'பாத்தீங்களா... சிரிக்கிறாங்க!'

"இது வசனத்துலேயே இல்லையே!" என்றார் டைரக்டர்.

"இல்லைதான்," என்றார் இன்ஸ்பெக்டர். "சீரியல் முழுக்க இந்தச் சிரிப்பை வாங்கினவர் அவர். ஆனா கப்பை மாத்தற பக்கம் நின்னுதான் வாங்கினார். முதுகைக் காட்டிக்கிட்டு பீரோவைக் குடையறது இன்னிக்குத்தான் முதல் தடவை. இத்தனை வருஷம் கழிச்சு ஜனங்க சிரிக்கறாங்க. யாரைப் பார்த்துன்னு திரும்பிப் பார்க்கத் தோணலை. நம்மைப் பார்த்துத்தான்னு பூரிச்சுப் போயிட்டார். அந்த சந்தோஷத்துலே கப்பை எடுத்து ஒரே மூச்சிலே குடிச்சுட்டார்."

கேமராமேன் திரையை அணைத்தார்.

விழுந்தபோது நாம் கைதட்டினோமே, அதையும் அவர் கேட்டிருப்பாரோ என்ற நினைப்பு டைரக்டருக்கு வந்தது. கைகளைப் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டார்.

* * *

மகள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். புருஷன் குற்றவாளி இல்லை என்று இன்ஸ்பெக்டர் முறைப்படி சொன்னார். அவள் தலையாட்டினாள். முகத்தில் நிம்மதி மருந்துக்கும் இல்லை.

"இப்ப என் பொண்ணுகிட்ட என்ன சொல்லணும் மேடம்? உங்க அப்பாவைத் தாத்தா கொல்லப் பார்த்தார்னா?" கண்ணைத் துடைக்கக்கூட இல்லை. "ரெண்டுலே ஒருத்தராவது எனக்கு மிஞ்சக் கூடாதா?"

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

டைரக்டரின் ஃபோன் அடித்தது. பேசினார். பேசி முடித்ததும் தாடி இன்னும் கொஞ்சம் தொங்கியதுபோல் இருந்தது.

"கம்பெனிலேருந்து. செய்தி டிவியிலே வந்துடுச்சாம். சாவு விழுந்த காமெடியை யார் பார்ப்பான்னு கேக்கறாங்க. சீரியலே வேண்டாமாம்."

வராந்தாவில் ஒவ்வொரு வீட்டு ஓனராக மீசையைப் பிய்த்துக்கொண்டு எழுந்தார்கள். யாரும் யாரையும் பார்க்காமல் படி இறங்கிப் போனார்கள்.

மருமகன் பச்சைக் கோட்டைக் கழற்றினான். மடித்து மனைவி பக்கத்தில் வைத்தான். அவள் அதைத் தொடவில்லை. அவன் தோளைத் தொட வந்தபோது நகர்ந்து உட்கார்ந்தாள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றான்.

"உங்க அதிர்ஷ்டம், தப்பிச்சீங்க," என்றார் ஏட்டு, ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

வராந்தாவுக்குக் கொண்டுவந்த ஸ்ட்ரெச்சரில், மூடிய துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்தக் கைக்கடிகாரத்தையே பார்த்தான் மருமகன். பேசியபோது, அவனை அறியாமலே, அச்சு அசலாக மாமனாரின் குரல் வந்தது.

"கல்யாணமான நாளா இன்னிக்குத்தான் மாமா எனக்குன்னு முதல் காபி கலந்து கொடுத்தார் சார்... அதையும் அவர்கிட்டயே திருப்பிக் கொடுத்துட்டேன்!"