ஏழு நோட்டுக்கு ஒரு நோட்டு

மணிகண்டராஜின் அப்பாவுக்குச் சிவகாசியில் பட்டாசுக் கடை. பேரம் பேசுவது அவனுக்கு இட்லி சாப்பிடுகிற மாதிரி. பானுப்பிரியாவின் அப்பாவோ அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர். அந்த வீட்டில் யாருக்கும் பேரம் வராது.

இருவரும் திருத்தங்கல் பள்ளியில் ஆறாம் வகுப்பு. பானு மூன்று வருடமாகச் சேர்த்தது ஏழு வெளிநாட்டுப் பண நோட்டுகள்.

அது 2002. கிழக்குத் திமோர் என்ற நாடு மே மாதம்தான் விடுதலை அடைந்திருந்தது. பள்ளிக் கண்காட்சியில் அந்த நாட்டு நோட்டை வைத்துவிட வேண்டும் என்று பானுவுக்கு ஒரே ஆசை. மணி அதை மோப்பம் பிடித்துவிட்டான்.

"எங்கிட்ட ஒண்ணு இருக்கு. உன் ஏழையும் குடு."

"ஒண்ணுக்கு ஏழா, லே?"

"நாடே பொறந்து ரெண்டு மாசந்தான் ஆவுது. நோட்டு எம்புட்டு வந்திருக்கும்? வேண்டாம்னா விடு, ஹர்ஷினி காத்துக்கிட்டிருக்கா."

அதே வகுப்பு ஹர்ஷினி காத்திருக்கவே இல்லை. ஆனாலும் ஏழு நோட்டும் கைமாறின.

சாயங்காலம், அப்பா அச்சைச் சரிபார்க்கும் லென்ஸை எடுத்து நோட்டின் மேல் வைத்தாள் பானு. அழகு பார்க்கத்தான். அதில் தெரிந்ததெல்லாம் பொடிப்பொடிப் புள்ளிகள். சுவரில் இருந்த காலண்டர் முருகனைப் பார்த்தாள். அங்கேயும் புள்ளி. அம்மாவின் பத்து ரூபாய் நோட்டைப் பார்த்தாள். மயிரிழை போலக் கோடுகள்.

தன்னுடையது போலி நோட்டு என்று புரிய அச்சகத்துக்காரர் மகளுக்கு இது போதாதா? அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் கண்காட்சி. காலையில் நோட்டு, லென்ஸ், காலண்டர், பத்து ரூபாய் எல்லாவற்றையும் எடுத்துப் போய் டீச்சரிடம் கேட்டாள்.

"அந்த நாட்டுக்குன்னு காகித நோட்டே கிடையாதும்மா. அங்க அமெரிக்க டாலர்தான் செல்லும்."

மணியிடம் ஓடினாள். அவன் முகம் வெளுத்தது. "நானும் ஏமாந்துட்டேனா? பஸ் ஸ்டாண்டுல முப்பது ரூவா குடுத்து வாங்குனேன்."

"என் நோட்டைக் குடுத்துரு, மணி."

"யாவாரம் முடிஞ்சுபோச்சு. எங்க கடையில வித்ததைத் திருப்பி எடுக்க மாட்டோம்."

பானு காலி ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் அழுதாள். மூன்று வருடம், ஒரே நாளில் போயே போய்விட்டது.

அப்போது ஐந்தாம் வகுப்பு மாரிசெல்வி ஓடி வந்தாள். "அக்கா, புது நாட்டு நோட்டு வச்சிருக்கீங்களாமே? எங்கிட்ட மூணு நோட்டு இருக்கு. மாத்திக்கலாமா?"

காலி ஆல்பத்தில் மூன்று நோட்டு சேரும்! தூணருகே நின்ற மணி, 'தள்ளிவிட்டுரு' என்று கண்ணைக் காட்டினான்.

பானு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நோட்டோடு லென்ஸையும் நீட்டினாள். "முதல்ல இதை வச்சுப் பாரு."

"ஒரே புள்ளியா இருக்கே அக்கா!"

"ம். உன் மூணையும் பத்திரமா வச்சுக்கோ."

கண்காட்சி மேசையில் அந்த நோட்டு, முருகன் காலண்டர், பத்து ரூபாய் நோட்டு, லென்ஸ் நான்கையும் வரிசையாக வைத்தாள். பக்கத்தில் ஓர் அட்டை: "இதை நம்பி ஏழு நோட்டு கொடுத்தேன். நீங்கள் பார்த்து வாங்குங்கள்."

கூட்டம் நெருக்கியடித்தது. தலைமையாசிரியர்கூட வரிசையில் நின்று புள்ளி பார்த்தார்.

மணி அட்டையை மூன்று முறை படித்தான். அவன் பெயர் எங்கேயும் இல்லை. மத்தியானம் மெல்ல வந்து நோட்டுகளை மேசையில் வைத்தான்.

"ஆறுதான் இருக்கு?"

"ஒண்ணை ஹர்ஷினிட்ட மாத்திட்டேன்." தலையைச் சொறிந்தான். "பானு, அந்தப் புள்ளி நோட்டு... எனக்கே குடுத்துரேன். எல்லாரும் அதைத்தான கேக்காங்க."

பானு அந்த நோட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்தாள்.

"ஏழாவதைக் கொண்டா. அப்புறம் பேசுவோம்."