வெறும் வயிற்று மீன்கள்

மீனின் இரைப்பையில் எதுவுமே இல்லை.

சீசனின் முதல் ட்ரவுட் மீனை அறுத்து, வயிற்றில் இருப்பதை ஒரு வெள்ளைத் தட்டில் தண்ணீர் ஊற்றி மிதக்கவிட்டுப் பார்ப்பது அந்த ஆற்றங்கரை விடுதியில் மீன்பிடிக்க வழிகாட்டும் கைடுகளுக்கு வழக்கம். பனி உருகும் நாட்களில் மீன் எந்தப் பூச்சியைத் தின்கிறது என்று தெரிந்தால்தான், அதே நிறத்தில், அதே அளவில் இறகும் நூலும் சுற்றித் தூண்டிலுக்குப் பொய்ப்பூச்சி கட்ட முடியும். கறுப்பாகவோ பழுப்பாகவோ ஏதாவது மிதக்கும். குறைந்தது கொஞ்சம் மணலாவது இருக்கும். அங்கே கைடாக இருந்த அண்ணன் தம்பி இருவரில் தம்பி பிடித்துவந்த மீனோ கழுவிக் கவிழ்த்த பாத்திரம் போல் இருந்தது. அண்ணன் கத்தி நுனியால் இரைப்பையைப் புரட்டிப் பார்த்தான், முகர்ந்தும் பார்த்தான். மீன் வாடைகூட இல்லை, ஈரக் கல்லின் வாடைதான் அடித்தது.

"பசியில இருந்திருக்கும்ணே," என்றான் தம்பி, கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு.

பசியில் இருக்கிற மீன் எல்லார் தூண்டிலையும்தானே கடிக்க வேண்டும்? அண்ணனுடையதை ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. மறுநாளும் தம்பிக்குத்தான் கிடைத்தது, அதற்கு மறுநாளும். அறுத்துப் பார்த்தால் எல்லாமே வெறும் வயிறு. அதைப் பற்றி யாருக்குக் கவலை? விருந்தினர்கள் தம்பியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். "சின்னவர் இருக்காரா?" என்று அவனிடமே வந்து கேட்டார்கள். அவனும் பல்லைக் கடித்துக்கொண்டு, "இதோ கூப்பிடறேன் சார்," என்று போய்க் கூப்பிட்டான்.

மேனேஜர் ஒரு மாலை அவனை அறைக்கு அழைத்தார். "இந்த வருஷம் கூட்டம் கம்மி. ஒரு கைடு போதும்னு முதலாளி சொல்லிட்டார். வார முடிவுல யாருன்னு சொல்றேன்." சொல்லும்போது அவர் கண் ஜன்னலுக்கு வெளியே, தம்பியின் மேல் இருந்தது. வேலை போனால் விடுதி கொடுத்த வீடும் போய்விடும். ஆனால் அவனை அரித்தது வீடு அல்ல. முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான். அந்தப் பயல் இன்றைக்குப் பூச்சி டப்பாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தூங்குகிறான், கண்ணில் காட்டமாட்டேன் என்கிறான். இதில் அவன் மனைவி வேறு, துணி மடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: "உங்க தம்பிக்குக் கைராசிங்க. எல்லாருக்கும் அமையுமா?" அவனுக்கு வயிறு எரிந்தது. வெளிப்படையாகச் சொன்னால், தம்பி வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான்.

வார முடிவுக்கு முந்தைய மதியம், தம்பி குளிக்கப் போனபோது, பூச்சி கட்டும் அறையின் ஆணியில் அவன் சட்டை தொங்குவதை அண்ணன் கண்டான். குளியலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு ஊடே தம்பி யாரிடமோ தணிந்த குரலில் பேசுவதும், பதில் கேட்பவன் போல் நிறுத்துவதும், மறுபடி கெஞ்சுவதும் சுவரைத் தாண்டிக் கசிந்தன. உள்ளே வேறு யாரும் இல்லை. அவன் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. டப்பாவைத் திறந்தான்.

இறகு இல்லை, நூல்கூட இல்லை. கொக்கிகளில் சுற்றியிருந்தது முடி, கருத்த மனித முடி. ஒவ்வொன்றின் நுனியிலும் வெள்ளையாக வேர் ஒட்டியிருந்தது.

இவ்வளவுதானா! அவனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

"அதைத் தொடாதேண்ணே."

தம்பி வாசலில் ஈரம் சொட்ட நின்றான். தொப்பி இல்லாத தலையில் திட்டுத் திட்டாக முடி இல்லை, தோல் சிவந்து கன்றியிருந்தது. "உன் முடியில கட்டிடாதே."

"ஏன், நான் கட்டினா மீன் கடிக்காதா?"

தம்பி தரையைப் பார்த்தான். "கடிக்கும். என்னைவிட நீ நல்லாவே கட்டுவே. அது எனக்குத் தெரியும்."

சட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஒருநாளும் மறக்காத டப்பாவை மேஜைமேல் மறந்துவிட்டுப் போனான். பயந்துவிட்டான் பயல், என்று நினைத்தான் அண்ணன். நெற்றிப்பொட்டின் ஓரத்திலிருந்து ஒரு கொத்து முடியை வேரோடு பிடுங்கினான். கண்ணில் நீர் வந்தது. அவன் கட்டியதிலேயே அழகான பூச்சி அது. ஜன்னல் சாத்தியிருந்தும், கொக்கியில் இருந்த முடி மெல்ல அசைந்தது. அவசரத்தில் அதையும் கவனிக்கவில்லை.

ஆற்றில் மூடுபனி இறங்கியிருந்தது. பாறைகளுக்கு அடியில் உருகிய பனி களகளவென்று ஓடும் சத்தமும், ஊறிப்போன மரப்பட்டையின் வாசமும், ரப்பர் கால்சட்டையைத் தாண்டி எலும்புக்குள் ஏறும் குளிரும், எதிர்க்கரை மரங்கள் தண்ணீரில் போட்ட கருநிழலும் சேர்ந்து அந்த மடுவை மூடி போட்ட பெட்டியாக ஆக்கியிருந்தன. இடுப்பளவு நீரில் நின்று தூண்டிலை வீசினான். பூச்சி தண்ணீரைத் தொடுவதற்குள் மீன் பிடித்துக்கொண்டது. தம்பி பிடித்த எதையும்விடப் பெரியது. அடுத்தது அதைவிடப் பெரியது. நாளைக்கு முகத்தில் ஈயாடாமல் நிற்கப்போகும் தம்பியை நினைத்து அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

அவன் சிரித்து ஓய்ந்தபோது ஆற்றின் சத்தமும் ஓய்ந்திருந்தது.

குனிந்து பார்த்தான். ட்ரவுட் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்தே நிற்கும். ஓட்டம்தான் அதற்கு இரை கொண்டுவரும். இங்கே மடு நிறைய மீன்கள், ஓட்டத்தில் அவனுக்கு மேற்புறமும் கீழ்ப்புறமும் பக்கத்திலும், எல்லாம் அவனைப் பார்த்துத் திரும்பி நின்றன. வால் அசையவில்லை. வாய் அசையவில்லை.

தூண்டில் நரம்பு இறுகியது.

மீன் இழுப்பு அல்ல. உதறல் இல்லை, துள்ளல் இல்லை. மெதுவாக ஒரு இழுப்பு. பிறகு தளர்வு. மறுபடி இழுப்பு. அவனுக்கு அந்தக் கைப்பழக்கம் நன்றாகத் தெரியும். 'இழுக்காதீங்க சார். விட்டுப் பிடிங்க. அதுவே களைச்சிடும்.' வருகிறவர்களுக்கெல்லாம் அவன் சொல்வது.

தூண்டில் கோலைக் கைவிட்டான். அது மிதந்து போயிற்று.

இழுப்பு நிற்கவில்லை.

நெற்றிப்பொட்டில் இருந்தது இழுப்பு. முடி பிடுங்கிய இடத்தில். தோல் கூம்பாக எழுந்தது. தலை தானாகச் சாய்ந்தது. ஓரடி வைத்தான். தளர்ந்தது. கரையைப் பார்த்துப் பாய்ந்தான். விட்டது, விட்டது, பிறகு பிடித்தது.

கரையில் தம்பி நின்றிருந்தான். தன் நெற்றிப்பொட்டைத் தடவிக்கொண்டு, கட்டு அவிழ்ந்தவன் போல. அழுதுகொண்டிருந்தான்.

"டேய், கையைக் குடுடா!"

"நீயா கட்டணும்ணே," என்றான் தம்பி. "நான் சொல்லி நீ கட்டினா அது என்னை விடாது. அதான்... அதான் உன் கண்ணு முன்னாடியே பிடிச்சுக் காட்டினேன்."

நீர் இப்போது கழுத்தளவு. மறுபடி பாய்ந்தான். விட்டது. பிடித்தது. கால் ஓய்ந்தது. கை ஓய்ந்தது. மூச்சு வாங்கியது. ஒருக்களித்து மிதந்தான். ஒரு கண் வானத்தில், ஒரு கண் நீருக்குள்.

மீன்கள் விலகி வழிவிட்டன.

பிடித்த மீனை மறுபடி ஆற்றில் விடுகிறவர்கள், தொடும் முன் கையை நனைத்துக்கொள்வார்கள். உலர்ந்த கை பட்டால் மீனின் வழவழப்பு உரிந்துவிடும், பிழைக்காது. விடப்போவதில்லை என்றால் யாரும் நனைப்பதில்லை.

அடியிலிருந்து இரண்டு கைகள் எழுந்தன. அவசரமில்லாமல் அவன் வயிற்றுக்குக் கீழே விரிந்தன. பனி உருகிய அந்த நீருக்குள், இரண்டும் சொரசொரவென்று உலர்ந்திருந்தன.