மினாசேக்குப் பால்

நிலாக்குடியில் பல் துலக்கும் முன்பே ஒவ்வொருவரும் ஏழெட்டுத் திரைப்படங்களுக்கு அழுது முடித்துவிடுவார்கள். காதுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சாற்றுமணி ஒரு படத்தின் சிரிப்பு, கண்ணீர், அபிப்பிராயம் மூன்றையும் பிழிந்து இரண்டே நொடியில் மண்டைக்குள் இறக்கிவிடும். அழுதுகொண்டே வாய் கொப்பளித்துத் துப்புவார்கள். நிலாவில் கூரை போட்டு மூடிய, கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிக்கும் ஊர் அது. காலையில் துப்பியது மாலைக் காப்பியில் திரும்பி வரும். கர்மம்!

செண்பகவல்லி மட்டும் தன் மணியைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டுவிட்டாள். பழையவற்றைப் பாதுகாத்து வைக்கும் ஊர்க் காப்பறை அவள் பொறுப்பில் இருந்தது. ஜப்பானின் மினாசே சித்திரக்கூடம் நூறாண்டுக்கு மேல் கையால் வரைந்த அத்தனை படங்களின் மூலத்தாள்களும் அங்கேதான் கிடந்தன. பூமியில் சாறு பிழிந்த கையோடு படங்களைச் சக்கை என்று அழித்துவிட்டார்கள். நிலாவில் ஈரமில்லை என்பதால் தாள்கள் மட்டும் இங்கே வந்து பிழைத்தன. அவற்றைத் தாளோட்டி என்ற கருவியில் ஏற்றி, விறுவிறுவென்று புரளவிட்டுப் பார்ப்பாள். பார்க்க வேறு ஒரு ஆள் வந்ததில்லை.

அந்த அறையில் பாசி வளர்த்துப் பாசிப்பால் எடுக்கும் தொட்டி வைக்கலாம் என்று நகரசபைக்கு யோசனை வந்தது. தாள்களை எரித்துவிடலாமா, வேண்டாமா? ஊரே வாக்களித்து முடிவு செய்யட்டும் என்றார்கள். ஒரு படத்தைக்கூடக் கண்ணால் பார்க்காத ஊர்!

செண்பகவல்லி உட்கார்ந்து ஒரு பாராட்டுரை எழுதினாள். மினாசேக்காரர்கள் ஒரு முறை செய்ததை மறுமுறை செய்யவே மாட்டார்கள் என்று தொடங்கினாள். முடிதிருத்தும் ஆக்டோபஸ் ஒன்றை வைத்து வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தவர்கள், அடுத்த படத்தில் போர்க்கால ஆஸ்பத்திரியில் கக்கூஸ் கழுவும் பெண்ணைக் கரிக்கோலால் வரைந்தார்கள். அதற்கடுத்து, பேச்சுவார்த்தை நின்றுபோன கணவனும் மனைவியும் மழையைப் பார்த்துக்கொண்டிருப்பது மட்டுமே ஒரு முழுப் படம். அது ஓடவில்லை. அதற்காக அவர்கள் மறுபடி ஆக்டோபஸிடம் ஓடவுமில்லை. எல்லாம் நீர்வண்ணமும் கரியும், ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் கலைந்துவிடும், தயவுசெய்து காப்பாற்றுங்கள் என்று முடித்தாள்.

அதை யார் படித்தார்கள்? மணி அதையும் பிழிந்தது. பெருமை, கண்ணீர், 'மினாசே நம்மாளு'. அவ்வளவுதான் ஊருக்குள் இறங்கியது. அன்றைக்கே மினாசே ரசிகர் மன்றம் முளைத்தது. தண்ணீர்க்குழாய் பழுதுபார்க்கும் தேவசகாயம் தலைவரானான். வாக்கெடுப்பில் தாள்கள் அமோகமாக ஜெயித்தன.

மறுநாள் காலை மன்றத்தோடு மரியாதை செய்ய வருவதாகத் தேவசகாயம் சொல்லி அனுப்பினான். கடைசியில் பார்க்க வருகிறார்கள் என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலிகளை வரிசையாகப் போட்டாள். எல்லாப் பெட்டிகளையும் திறந்து வைத்து, ஆக்டோபஸ் படத்தின் தாள்கட்டைத் தாளோட்டியில் ஏற்றினாள்.

வந்தவர்கள் கையில் குடம் குடமாகப் பாசிப்பால். பூமியில் கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றிய பரம்பரையாயிற்றே! விசில் பறந்தது. நிலாவில் எதுவும் நிதானமாகத்தான் விழும். பச்சையாய், கொழகொழவென்று, கட்டி கட்டியாகப் பால் திறந்த பெட்டிகளுக்குள் இறங்குவதை அவள் முழுசாகப் பார்க்க வேண்டியிருந்தது. ஓடிப்போய்க் குறுக்கே விழுந்தாள். அவள் தலையிலும் ஊற்றினார்கள்.

"கோவிச்சுக்காதீங்க அக்கா," என்றான் தேவசகாயம், கண்ணீர் வழிய. "நம்ம மினாசே தலைவருக்குப் பால் ஊத்தாம எப்படி?"

"தலைவர்னு யாருய்யா இருக்கா? நூறு வருஷமா எத்தனையோ பேரு உக்காந்து வரைஞ்ச தாளுய்யா அது!"

எவனும் காதில் வாங்கவில்லை. நீலமும் சிவப்பும் கரியும் பாலோடு குழைந்து, வாந்தி நிறத்தில் சாக்கடையை நோக்கி நகர்ந்தன. அதை மிதித்து ஆடினார்கள். ஆடி முடித்து, பசிக்கிறது என்று கிளம்பிப் போனார்கள். மூடிய ஊர், காற்று வெளியே போக வழியில்லை. அந்தப் புளித்த வாடை அப்புறம் பல நாள் எல்லோர் சோற்றிலும் அடித்தது. அடிக்கட்டும்.

தேவசகாயம் மட்டும் வாசலில் நின்றுவிட்டான். காதுக்குப் பின்னால் பால் இறங்கி அவன் மணி செத்துப்போயிருந்தது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக மண்டைக்குள் ஒன்றுமில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், தாளோட்டியின் மூடிக்குள் நனையாமல் தப்பிய ஒற்றைத் தாளை எடுத்தான். ஆக்டோபஸ் எட்டுக் கைகளையும் கட்டிக்கொண்டு, ஒரு மொட்டைத் தலையைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தது.

வெகுநேரம் பார்த்தான். அவனையறியாமல் சிரிப்பு வந்தது. நிஜமான சிரிப்பு.

"அக்கா, இந்த ஆளுக்கு எப்படி மொட்டையாச்சு? இதுக்கு முந்தின தாள் எங்க?"

செண்பகவல்லி தலையிலிருந்து பாலை வழித்து எறிந்துவிட்டு, சாக்கடையைக் காட்டினாள்.