அரை உப்பு

ஞாயிற்றுக்கிழமைகளில் செல்வின் மீன் வாங்கப் போவதில்லை, மீனைத் தேர்வு செய்யப் போவான். வாங்குவது சாதாரண மனிதர்கள் செய்கிற காரியம். நெய்மீனின் செவுளைப் புரட்டி, கண்ணை அழுத்தி, மீன்காரிக்கே மீனைப் பற்றி ஒரு வகுப்பு எடுத்துவிட்டு, அவள் முதலில் எடுத்துக் கொடுத்ததையே வாங்கிக்கொண்டு வீடு திரும்புவான். அத்துடன் அவன் சமையல் ஏறக்குறைய முடிந்துவிடும். மிச்சத்தை மனைவி சீதாலக்ஷ்மி பார்த்துக்கொள்வாள்.

மிச்சம் என்றால், மீனை அலசிக் குடம்புளி போட்டு மண்சட்டியில் குழம்பு வைப்பது, மாட்டிறைச்சியைத் தேங்காய்க்கொத்தோடு வரட்டுவது, கணவாயைத் தேங்காய்த்துருவல் போட்டுத் தோரனாக வதக்குவது. நண்பர்கள் வந்து உட்கார்ந்ததும் செல்வின் ஏப்ரன் கட்டிக்கொண்டு வந்து குழம்பின்மேல் கறிவேப்பிலை தூவுவான். அதை யாராவது போனில் படம் எடுப்பார்கள். பூஜப்புரை வீட்டில் மாதாமாதம் நடக்கும் இந்த விருந்துக்கு வாட்ஸாப்பில் 'செல்வினின் சட்டி' என்று ஒரு குழுவே உண்டு. சட்டியைக் கழுவுகிறவள் அதில் உறுப்பினர் இல்லை.

சீதா இதில் எதையும் வாயில் வைத்ததில்லை. கரமனை அக்ரஹாரத்தில் பிறந்து, அலுவலகத்தில் பழகி, இரண்டு வீட்டையும் பகைத்துக்கொண்டு செல்வினைக் கட்டிக்கொண்டவள். கல்யாணமான புதிதில் அவனுக்காக ஒரு துண்டு மீனை விழுங்கிப் பார்த்துப் படுக்கையில் விழுந்தாள். அப்புறம் மூக்கால் சமைக்கக் கற்றுக்கொண்டாள். பிறந்த வீட்டுக்குப் போனால், மீன் கழுவுகிற கை என்று அம்மா மேலே படாமல் தண்ணீர் ஊற்றுவாள். இங்கேயோ, நாம் தின்பதைத் தின்னாதவள் என்று நாத்தனார். இரண்டு வீட்டிலும் அவள் தட்டு தனியாகத்தான் கழுவப்பட்டது.

நாத்தனார் ஜெஸ்லின், செல்வினுக்கு மூத்தவள். கணவன் இறந்தபிறகு மார்த்தாண்டத்திலிருந்து வந்து தம்பியோடு இருக்கிறாள். அன்று காலை அவள் முன்னறையில் தம்பியிடம் பேசியது அடுக்களைவரை கேட்டது. கேட்கட்டும் என்றுதான் பேசினாள்.

"லே செல்வின், அடுத்த மாசம் முதல் ஆக்கதுக்கு ஒரு ஆளு வச்சிரு. நாக்குல வச்சுப் பாக்காதவ கையில எத்தன காலம் சட்டியக் குடுக்க? அவளுக்கு நம்ம சாப்பாட்டக் கண்டாலே அறப்பு, குமட்டிட்டு வரும்."

மாட்டேன் என்று செல்வின் சொல்லவில்லை. பரிசீலிப்பதாகச் சொன்னான். ஆபீசில் ஒரு மனுவைக் கொல்வதற்கு அவன் பயன்படுத்துகிற அதே குரல்.

தேங்காய் துருவிக்கொண்டிருந்த சீதாவின் கை நின்றுவிட்டது. சீதா என்று இந்த வீட்டில் யாராவது கூப்பிட்டால் அது இந்த அடுப்படிக்குத்தான். இதுவும் போய்விட்டால், மாடியறையில் துணி மடிக்கிற ஒருத்தியாக மட்டும் மிஞ்சுவாள்... கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அன்று மூன்று பாத்திரத்துக்கும் உப்பை முழு அளவாகப் போட்டாள். தன் கையால் முழுச் சமையல் ஒன்று இந்த மேசைக்குப் போகட்டும் என்று நினைத்தாள்.

மதியம் நண்பர்கள் வந்தார்கள். அலுவலகத் தோழன் லிஜோவும் இன்னும் இரண்டு பேரும். செல்வின் கறிவேப்பிலை தூவினான். குடம்புளியின் வரலாற்றைச் சுருக்கமாக, அதாவது சோறு ஆறும்வரை, விளக்கினான். பிறகு எல்லோரும் முதல் வாய் வைத்தார்கள்.

பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற நான்கு ஆண்கள் ஒரே சமயத்தில் தண்ணீருக்குக் கை நீட்டினார்கள்.

இறைச்சியும் அப்படியே. கணவாயும் அப்படியே. செல்வின் தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்று தனக்கு நேரமில்லை என்றும் சீதாதான் சமைத்தாள் என்றும் அறிவித்தான். எத்தனையோ வருஷமாக அவனுடையதாக இருந்த குழம்பு ஒரே வாயில் மனைவிக்குச் சொந்தமாகிவிட்டது.

ஜெஸ்லினுக்குக் கண்ணீர் பொங்கிவிட்டது. "வேணும்னே செஞ்சிருக்கா... காலையில நான் சொன்னதக் கேட்டுட்டு, விருந்துக்கு வந்தவங்க முன்ன எனக்க தம்பிக்க தலையக் குனிய வச்சிட்டா."

சீதா கையைத் துடைத்தபடி சாப்பாட்டறை வாசலில் வந்து நின்றாள். அந்த அறைப்பக்கம் விருந்து நடக்கும்போது அவள் வருவது அதுதான் முதல் தடவை.

"வேணும்னு பண்ணலை மைனி. இன்னிக்கு உப்பை முழுசாப் போட்டுட்டேன், அதான் தப்பு. எப்பவும் அரை உப்புதான் போடுவேன். நான் பின்பக்கம் போனதும் இவர் வந்து கொஞ்சம் போடுவார். அப்பறம் நீங்க வந்து கொஞ்சம் போடுவேள். நான் ருசி பாக்கறதில்லையேன்னு ரெண்டு பேருக்குமே பயம். உங்க ரெண்டு பேர் கைக்கும் எடம் விட்டே வச்சுண்டிருந்தேன். இன்னிக்கு இருந்த மனசுல அது மறந்துபோச்சு."

ஜெஸ்லின் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். "லே... நீயுமா போடுத?"

"ஒரு நுள்ளு..." என்றான் செல்வின், கறிவேப்பிலையிடம்.

லிஜோ தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மலையாளத்தில் கேட்டான். "அப்போ இத்தனை காலமும் ஞங்க தின்னது செல்வின்டெ கறி அல்ல, அல்லே சேச்சி?"

சீதா உள்ளே போய், தனக்கென்று வைத்திருந்த சோற்றையும் பூசணிக்காய் மோர்க்குழம்பையும் எடுத்துவந்து பரிமாறினாள். இப்படி ஒரு பாத்திரம் இந்த வீட்டில் இருப்பதே விருந்தாளிகளுக்குத் தெரியாது. வழித்துச் சாப்பிட்டார்கள். செல்வின் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான். மோரின் வரலாற்றை அவன் விளக்கவில்லை.

அவர்கள் போனபிறகு சீதா அடுக்களைக்குப் பின்னால் இருக்கிற வொர்க் ஏரியாவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். துவைக்கும் கல்லுக்கும் காஸ் சிலிண்டருக்கும் நடுவே எப்போதும் அவள் சாப்பிடுகிற இடம் அது. இன்று சாப்பிட ஒன்றும் மிச்சமில்லை. அது யாருக்கும் தோன்றவுமில்லை. சமைக்கிறவள் தான்தான் என்று நிரூபித்தாகிவிட்டது. ஆனாலும் உட்கார்ந்திருப்பது அதே ஸ்டூலில்தான் என்று நினைத்தபோது அழுகை வந்தது.

அடுக்களையில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் வெகுநேரம் கேட்டது. பிறகு ஜெஸ்லின் வந்தாள். சீதாவின் சின்னப் பாத்திரத்தைப் புளி போட்டு, வெந்நீர் ஊற்றி, மீன் வாசம் ஒட்டாமல் தேய்த்து, அதிலேயே கஞ்சியும் பயறும் வைத்திருந்தாள். இரண்டு தட்டில் ஊற்றினாள். இன்னொரு ஸ்டூலை இழுத்து எதிரே போட்டுக்கொண்டாள். ஒரு கருவாட்டுத் துண்டாவது இல்லாமல் சோறு இறங்காதவள் ஜெஸ்லின்.

"ஏம் பிள்ளே, இத்தன வருசமும் ஒரு வார்த்த சொல்லப்பிடாதா? உனக்கு எங்களக் கண்டா அறப்புன்னுல்லா நான்..."

"சொன்னா நீங்க உப்புப் போட வரமாட்டேளே மைனி." சீதா தட்டைப் பார்த்தபடி சொன்னாள். "இங்கே உக்காந்திருந்தா உங்க செருப்புச் சத்தம் கேக்கும். நான் இருக்கற பக்கத்துக்கு நீங்க ரெண்டு பேரும் வர்றது அதுக்கு மட்டுந்தான்..."

ஜெஸ்லின் எழுந்துவந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். சீதாவின் முதுகு குலுங்கி அடங்கும்வரை அப்படியே நின்றாள். பிறகு முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, "குடி பிள்ளே, கஞ்சி ஆறுது" என்றாள்.

செல்வின் கதவருகே வந்தான். அங்கே மூன்றாவது ஸ்டூல் இல்லை. போகவும் மனமில்லாமல், வாழ்க்கையில் முதன்முறையாக எதையும் விளக்காமல், அவர்கள் குடித்து முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தான்.