கார் என்று கத்த வேண்டியவன்

டன்லீவி தெருமுனையில் காரை நிறுத்திவிட்டு லோர்ன் ஹாப்பலா பத்து நிமிஷம் உள்ளேயே உட்கார்ந்திருந்தான். பின் சீட்டில் அவனுடைய கோல்கீப்பர் கால்கவசங்கள் கிடந்தன. ஒரு வருஷமாகக் கராஜ் மூலையில் கிடந்தவை. எலிப் புழுக்கை நாற்றமும் பழைய வியர்வை நாற்றமும் சேர்ந்து மூக்கைத் துளைத்தன. நவம்பர் கடைசி ஞாயிறு, மணி மூன்றரை. கனடாவின் தண்டர் பே நகரில் அந்த வருஷம் பனி இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. ஏரிப் பக்கமிருந்து வந்த காற்று மட்டும் காதை அறுத்துக்கொண்டிருந்தது.

வராமல் இருந்திருக்கலாம். ஆனால் கூப்பிட்டவன் ரோமன் பெட்ரிக்.

"ஸ்டெஃப் போய் ஒரு வருஷம் ஆவுது, லோர்ன்," என்றான் ரோமன் போனில். "நாம ஆடலைன்னா அவன் நம்மளைச் சும்மா விடமாட்டான். அவன் வலையில நான் நிக்கிறேன். எதிர் வலையில நீ. நீ வந்தாத்தான் நான் வருவேன், சொல்லிட்டேன்."

செத்துப்போனவனின் அண்ணன் இப்படிக் கேட்டால் மறுக்க யாருக்கு வாய் வரும்? அதுவும் லோர்னுக்கு!

முப்பது வருஷமாக அந்தச் சரிவுத் தெருவில்தான் நண்பர்கள் எட்டுப் பேரும் ஹாக்கி ஆடிவந்தார்கள். மீசை முளைக்காத வயதில் ஆரம்பித்தது. இப்போது பாதிப் பேருக்கு முட்டி வலி, மீதிப் பேருக்குத் தொப்பை. ஞாயிறு மதியம் ஆனால் இரண்டு வலையும் ஆரஞ்சுப் பந்தும் தெருவுக்கு வந்துவிடும். மேல் வலை தெருவின் வளைவுக்குப் பக்கத்தில். கீழ் வலை கஸ் ஃபாப்ரோவின் வீட்டுக்கு எதிரே. தெரு பொதுவானது, கார் வரத்தான் செய்யும். வளைவைப் பார்த்து நிற்பவன் கீழ் வலைக்காரன்தான். அதனால் அவன் வேலை பந்தைத் தடுப்பது மட்டுமில்லை. கார் தலை காட்டிய கணமே "கார்!" என்று கத்த வேண்டும். கத்தினால் ஆட்டம் நின்றுவிடும், அந்த நேரம் விழுந்த கோல் செல்லாது. வலையைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் ஓரமாக ஒதுங்குவார்கள். கார் போன பிறகு யாராவது "கேம் ஆன்!" என்று குரல் கொடுத்தால்தான் ரோட்டில் திரும்பவும் கால் வைப்பார்கள். இத்தனை வருஷமும் அந்தக் குரல் ஸ்டெஃப்புடையது. நாற்பத்து மூன்று வயதிலும் உடையாத குரல். "கேம்" கீழே இருக்கும், "ஆன்" கூரைக்கு ஏறும்.

போன வருஷம் இதே ஞாயிறு. ஒன்பதுக்கு ஒன்பது. அடுத்த கோல் போடுபவன்தான் ஜெயிப்பான். ஸ்டெஃப் மேல் வலையில், வளைவுக்கு முதுகைக் காட்டி நின்றான். லோர்ன் கீழ் வலையில் சும்மா நின்றான், ஏனென்றால் அவன் அணியின் ரோமன் பந்தோடு மேலே போயிருந்தான். மற்றவர்கள் கண்ணெல்லாம் பந்தின் மேல். சும்மா இருந்தது லோர்னின் கண் ஒன்றுதான்.

வளைவில் சாம்பல் நிறக் கார் ஒன்று திரும்பியது. லோர்ன் பார்த்தான்.

ரோமன் மட்டையை ஓங்கிவிட்டான். இப்போது கத்தினால் கோல் செல்லாது.

லோர்ன் கத்தவில்லை. ஒரு வினாடி, இரண்டு வினாடி. அவ்வளவுதான்.

பந்து உள்ளே போனது. ரோமன் தெருவே அதிர "கோல்!" என்று கூவிக்கொண்டு கீழ்நோக்கி ஓடிவந்தான். மற்றவர்களும் சேர்ந்து கத்தினார்கள். ஸ்டெஃப் பந்தை எடுக்க வலைக்குள் தலையை விட்டுக் குனிந்தான். காரோட்டி வந்த ஒரு டீச்சரம்மாவின் கண்ணில் சாயங்கால வெயில் நேராக அடித்திருந்தது.

ஆஸ்பத்திரியில் ரோமனிடம் லோர்ன் சொன்னான்: "நான் கத்தினேன்டா. அவனுக்குக் கேக்கல."

கேட்காமல் போனதற்குக் காரணம் தன் கூச்சல்தான் என்று ரோமன் முடிவு கட்டிவிட்டான். அதன் பிறகு அவன் யாரிடமும் உரக்கப் பேசியதில்லை. மனைவி தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். வேலையை விட்டான். ஆள் பாதியாகிவிட்டான். லோர்ன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, வாரா வாரம் அவனுக்கு ஒரு பாத்திரம் சூப் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தான். சூப்! பாவி, அதற்குப் பதில் ஒரே ஒரு வாக்கியம் கொண்டுபோயிருக்கலாம்.

இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே லோர்ன் காரை விட்டு இறங்கினான். போன வாரமும் அப்படித்தான் நினைத்தான்.

"வாய்யா ஹாப்பலா! கால்கவசத்தை மாட்ட இடுப்பு வளையுமா, இல்ல நான் மாட்டிவிடணுமா?" என்று கஸ் வரவேற்றான். ஆள் குண்டு, வாய் ஓயாது. ஸ்டெஃப்புக்குப் பதிலாகக் கஸ்ஸின் மச்சினன் டெரெக் வந்திருந்தான். ஆக எட்டுப் பேர்.

ரோமன் தம்பியின் கால்கவசத்தையே கட்டியிருந்தான். லோர்னைக் கட்டிப்பிடித்தான். துணி சோப்பு வாசனைக்கு அடியில் லேசாக ஸ்டெஃப்பின் புகையிலை வாசனை அடித்தது. லோர்ன் மூச்சை அடக்கிக்கொண்டான்.

அணி பிரிக்க மட்டைகளைக் குவித்தார்கள். கோல்கீப்பர் இருவர் போக, ஆறு மட்டைகள். கஸ் கம்பளித் தொப்பியைக் கண்ணுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு மண்டியிட்டான். கைக்கு வந்ததை ஒன்று மேலே, ஒன்று கீழே என்று தள்ளினான். மேலே மூன்று, கீழே மூன்று.

அவன் கை நிற்கவில்லை.

"யார்டா அது கோல்கீப்பர் மட்டையைக் குவியல்ல போட்டது?" என்றான் தொப்பிக்குள்ளிருந்து. "அகலமா கெடக்கு. பச்சை டேப்பு ஒட்டுன மாதிரி பிசுபிசுங்குது."

ஸ்டெஃப்பின் மட்டைப் பிடியில்தான் பச்சை டேப் இருக்கும். பச்சை டேப் எப்படித் தெரிந்தது கண்ணை மூடியவனுக்கு? கஸ்ஸுக்கே அது உறைத்திருக்க வேண்டும். தொப்பியை வெடுக்கென்று தூக்கினான்.

அவன் கைக்கு அடியில் வெறும் தார் ரோடு.

"சரி சரி, கை விறைச்சுப்போச்சு எனக்கு," என்று எழுந்தான். அதற்கப்புறம் வெகு நேரம் அவன் ஜோக் எதுவும் அடிக்கவில்லை.

ஆட்டம் ஆரம்பித்தது. பந்து தாரில் மோதும் சத்தம், மட்டைகள் உரசும் சத்தம், இரைக்கும் மூச்சு. லோர்ன் பந்தைப் பார்க்கவில்லை. வளைவையே பார்த்துக்கொண்டிருந்தான். அதனாலேயே இரண்டு கோல் விட்டான்.

சாம்பல் நிறக் கார் ஒன்று வளைவில் திரும்பியது.

"கார்!" என்று தொண்டை கிழியக் கத்தினான் லோர்ன்.

எல்லாரும் ஒதுங்கினார்கள். ரோமன் வலையை இழுத்தான். நின்றார்கள். இலையுதிர்ந்த மரங்களில் காற்று போனது.

"எங்கடா கார்?" என்றான் டெரெக்.

தெரு காலியாக இருந்தது. அந்த வளைவுக்கும் வலைக்கும் நடுவே திரும்பிப் போக ஒரு சந்துகூடக் கிடையாது.

வலைகளை மறுபடி வைத்தார்கள். 'கேம் ஆன்' சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. பேசாமல் ஆட ஆரம்பித்தார்கள்.

கால் மணி கழித்துத் திரும்பவும் வந்தது. இந்த முறை லோர்ன் நன்றாகப் பார்த்தான். அதே கார். கண்ணாடியில் வெயில் பட்டு மின்னியது. சக்கரம் உருண்டது, சத்தம் மட்டும் இல்லை.

"கார்! கார்!"

ஒதுங்கினார்கள். ஒன்றும் வரவில்லை. டெரெக் எரிச்சலோடு மட்டையைத் தட்டினான். கஸ் மட்டும் லோர்னின் முகத்தையே பார்த்தான்.

மூன்றாவது முறை பாதிப் பேர் நகரவில்லை. நான்காவது முறை யாருமே நகரவில்லை. ரோமன் இறங்கி வந்து லோர்னின் தோளில் கை வைத்தான்.

"விடுடா," என்றான் மெதுவாக. "எனக்கும் இப்படித்தான். படுத்தா அந்தக் காருதான் வருது. ஆனா நீ எதுக்கு இப்படி வதைபடுற? நீ அன்னைக்குக் கத்துன. உன் வேலையை நீ பாத்த. என் கூச்சல்தான் அவனைக் கொன்னுது."

சொல்லு, இப்போது சொல்லு என்று லோர்னின் நெஞ்சு அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தான்.

"ஒண்ணுமில்ல, ரோமன். கண்ணு ஏமாத்துது," என்றான்.

அவன் கழுத்துக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள்.

புகையிலை வாசனை.

திரும்பினான். வலைதான் இருந்தது. அதன் கயிறு, யாரோ சாய்ந்து எழுந்த மாதிரி, மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

வெயில் சரிந்து மரக்கிளைகளுக்கு நடுவே இறங்கியது. எட்டுக்கு எட்டு. ஒன்பதுக்கு எட்டு. ஒன்பதுக்கு ஒன்பது.

"அடுத்த கோல் போடுறவன்தான் ஜெயிச்சவன்!" என்றான் டெரெக், அன்று அங்கே இல்லாதவன். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கஸ் பந்தோடு மேலே போனான். அடித்தான். ரோமனின் காலிடுக்கில் பந்து நுழைந்தது. யாரும் கூவவில்லை. ரோமன் முகக்கவசத்தோடு வலைக்குள் தலையை விட்டுக் குனிந்தான்.

வளைவில் சாம்பல் நிறக் கார் திரும்பியது.

"கார்!"

"போதும்ப்பா!" என்று டெரெக் சலித்துக்கொண்டான்.

"டேய், கார்டா! ரோமன், வெளிய வா!"

வலைக்குள்ளிருந்தபடியே ரோமன் ஒரு கையை ஆட்டினான், குழந்தையைச் சமாதானம் செய்வதுபோல. இது அந்தக் காரா, நிஜக் காரா, லோர்னுக்குத் தெரியவில்லை. கனத்த கால்கவசத்தோடு ஓடினால் பாதி தூரம்கூடப் போக முடியாது. அப்போதுதான் கேட்டது. மிக லேசாக, தாரில் சக்கரம் அரைபடும் சத்தம்.

இதற்குச் சத்தம் இருந்தது.

"ரோமன்! அன்னைக்கு நான் கத்தல!"

தெருவே நின்றுவிட்டது.

"பாத்தேன்! காரைப் பாத்தேன், கத்தல! உன் சத்தம் இல்லடா, ரோமன்! நான்தான்! நான்தான் கத்தல!"

ரோமன் நிமிர்ந்தான். முகக்கவசத்தைக் கழற்றி எறிந்தான். வலையை விட்டு வெளியே வந்தான். கீழ்நோக்கி நடந்தான், பிறகு லோர்னை நோக்கி ஓடினான். கொன்றுவிடுவான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். லோர்னும் அதையே விரும்பினான்.

ரோமன் பத்தடி கூட வந்திருக்கமாட்டான். பின்னால் பிரேக் கிறீச்சிட்டது. வழுக்கிய கார் மேல் வலையைச் சுருட்டி நசுக்கிக்கொண்டு நடைபாதையில் ஏறி நின்றது.

சாம்பல் நிறக் கார்தான். ஓட்டியவர் யாரோ வெளியூர்க் கிழவர். "வெயில்... கண்ணுல வெயில்..." என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். கஸ் அவரைத் தாங்கி இறக்கினான்.

ரோமன் திரும்பி நசுங்கிய வலையைப் பார்த்தான். பிறகு லோர்னைப் பார்த்தான்.

"ஏன்?" என்றான். அவ்வளவு மெதுவாக.

"ஒன்பதுக்கு ஒன்பது," என்றான் லோர்ன். அழுகை வரவில்லை, அதுதான் கேவலமாக இருந்தது. "நான் கத்தினா உன் கோல் செல்லாது. தோத்தவங்கதான் வலையைக் கஸ் கராஜுக்கு இழுத்துட்டுப் போகணும். முட்டி வலிச்சுது எனக்கு."

ரோமன் அடிக்கவில்லை. குனிந்து தம்பியின் கால்கவச வார்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தான். இரண்டையும் லோர்னின் காலடியில் வைத்தான்.

"ஒரு வருஷம், லோர்ன்," என்றான். "என் வீட்டுல உக்காந்து சூப்பு ஊத்திக் குடுத்தியே."

போய்விட்டான். மற்றவர்களும் மட்டையை எடுத்துக்கொண்டு போனார்கள். கிழவரை யாரோ கூட்டிப்போய் வீட்டில் உட்காரவைத்தார்கள். கஸ் கடைசியாகத் தன் வீட்டுக் கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் போடும் சத்தம் தெருவில் கேட்டது.

கீழ் வலை நின்றுகொண்டிருந்தது. லோர்ன் அதைத் தனியாக இழுக்க ஆரம்பித்தான். முட்டி வலித்தது. இழுத்தான்.

நடு ரோட்டில் காலில் எதுவோ தட்டுப்பட்டது. அகலமான கோல்கீப்பர் மட்டை. பிடியில் பச்சை டேப். லோர்னுடைய மட்டை நடைபாதையில் கிடந்தது. தொட்டுப் பார்த்தான். ஏரிக் காற்றில் இரும்பே விறைத்துப்போகும் அந்த வேளையில், பிடி மட்டும் கதகதவென்று இருந்தது.

"கார்."

வளைவுப் பக்கமிருந்து வந்தது அந்தக் குரல். உடையாத குரல். கோபமில்லை. ஞாயிறுதோறும் 'கேம் ஆன்' சொல்வதைப் போலத்தான் சொன்னது.

லோர்ன் வலையைத் தூக்கிக்கொண்டு ஓரமாக ஒதுங்கினான்.

கார் எதுவும் வரவில்லை. தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. அவன் வலையைக் கட்டிப்பிடித்தபடி நடைபாதை விளிம்பிலேயே நின்றான். ஒரு காலை மெல்ல ரோட்டில் வைத்தான். உடனே, இந்த முறை அவன் காதுக்குள்ளேயே கேட்டது.

"கார்."

காலை எடுத்துக்கொண்டான். கால்விரல்கள் மரத்துப்போயின. தெருமுனையில், எதிர்ச் சாரியில்தான் அவன் கார் நின்றது, இருபது அடிகூட இருக்காது. யாராவது 'கேம் ஆன்' சொல்ல வேண்டும். அது வரைக்கும் ரோட்டில் கால் வைக்கக் கூடாது, அதுதான் ஆட்ட விதி.

லோர்ன் காத்துக்கொண்டு நின்றான். யாரும் சொல்லவில்லை.