கத்தல் எண்ணிக்கை

தீவன வண்டி கொட்டகைக்குள் வந்தபோது நூற்று நாற்பது மாடுகளில் ஒன்றுகூடத் தலையைத் திருப்பவில்லை. வாசல் பலகையில் 'இன்றைய கத்தல்: 0' என்று பச்சை எழுத்து மின்னியது. நான்கு வருடமாக அதே பூஜ்யம்தான்.

தொட்டிகள் நிறைந்ததும் மாடுகளின் கழுத்தில் கட்டியிருந்த உண்மணிகள் ஒரே நேரத்தில் அதிர்ந்தன. ஆபீசுக்குக் கிளம்புகிறவர்களைப் போல, விருப்பமும் இல்லாமல் வெறுப்பும் இல்லாமல் மாடுகள் குனிந்து தின்றன. பதினெட்டு நிமிடத்தில் அதிர்வு நின்றது. வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு அத்தனையும் நிமிர்ந்தன.

டாக்டர் இலக்கியா தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நிற்க முடியவில்லை. காலையில் பல் தேய்ப்பதற்கே இடையில் ஒருமுறை உட்கார வேண்டியிருந்தது. சாயல்குளம் கால்நடை ஊட்டவியல் நிலையத்தில் எல்லோருக்கும் இப்படித்தான் இருந்தது. ஆறு வருடமாக மழை இல்லை, வெயில் ஆளைத் தின்கிறது என்று சொல்லி அவரவர் நாற்காலியில் சரிந்து கிடந்தார்கள்.

மழை நின்ற வருடமே வைக்கோலும் நின்றது. கரும்புச் சக்கையிலிருந்தும் சத்தைப் பிரித்தெடுக்கும் வயிற்று நுண்ணுயிர் ஒன்றை மரபணுப் பிரிவு உருவாக்கிக் கொடுத்தது. பாதித் தீவனத்தில் முக்கால் பங்கு பால். ஆனால் வயிறு நிறையாத மாடு சும்மா இருக்குமா? பகலெல்லாம் கத்தித் தீர்த்தன. அந்தக் கத்தலை நிறுத்தத்தான் இலக்கியா 'நிறைவி'யைக் கண்டுபிடித்தாள். தீவனத்தில் ஒரு சிட்டிகை கலந்தால் போதும், வயிறு நிறைந்துவிட்டதாக மூளை நம்பிவிடும். பசியே தெரியாத மாடு தானாகத் தின்னாது என்பதால், தின்னும் நேரத்தைச் சொல்ல உண்மணி வந்தது. மாட்டின் நலத்தை அளக்கக் கத்தலை எண்ணுவது என்று விதி எழுதியதும் அவள்தான். பூஜ்யம் வந்த அன்று துறையே அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. இப்போது மாவட்டத்தின் எல்லா மாடுகளும் நிறைவி தின்கின்றன.

"டாக்டரம்மா, கட்டைவாலைக் கொஞ்சம் வந்து பாருங்க." தீவனம் போடும் சூசை கூப்பிட்டார்.

கட்டைவால் என்பது காதில் 212 என்று எண் குத்திய மாட்டுக்கு அவர் வைத்த பெயர். கடைசி வரிசையில் அது படுத்துக் கிடந்தது. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். முகத்துக்கு நேரே தொட்டி நிறையத் தீவனம் இருந்தது.

"நோவு ஒண்ணும் இல்ல. கழுத்து மணி செத்துப் போச்சு. பதிவைப் பார்த்தா பதினோரு நாளா அதிரவே இல்ல, இப்பத்தான் கவனிச்சேன். தொட்டியைப் பார்த்துக்கிட்டே பட்டினி கிடந்திருக்கு பாவி."

"ஒரு சத்தம்கூடப் போடலையா?"

"எதுக்குப் போடும்? அதுக்குத்தான் பசிக்கலையே."

இலக்கியா குந்தி உட்கார்ந்து மாட்டின் காது நரம்பில் ஒரு துளி ரத்தம் எடுத்துச் சோதனைப் பட்டையில் வைத்தாள். உடல் தன் கொழுப்பையே கரைத்துத் தின்னத் தொடங்கினால் பட்டை ஊதாவாகும். கத்தரிக்காய் நிறத்துக்கு வந்து நின்றது. அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். கண் இருட்டிக்கொண்டு வர, சூசையின் தோளைப் பிடித்தாள். அவள் வளையல் முழங்கைவரை ஏறியது.

"என்னம்மா இது, கை குச்சி மாதிரி இருக்கு! எப்பச் சாப்பிட்டீங்க?"

"காலையில காபி குடிச்சேன். பசியில்லண்ணே."

"நீங்க சொல்றீங்க, ஆபீஸ்ல எல்லாரும் சொல்றாங்க. நான் ஒருத்தன்தான் இங்க சோத்துக்கு அலையிறேன். அஞ்சு பேரு சாப்பிட எதுக்கு மெஸ்ஸுன்னு பாதியா குறைச்சுட்டாங்க. கடைசியா உங்களுக்கு எப்பம்மா பசிச்சது?"

இலக்கியா யோசித்தாள். வேலை அதிகமாக இருந்த நாட்கள் நினைவுக்கு வந்தன, சாப்பிட மறந்த நாட்கள் வந்தன. பசித்த நாள் ஒன்றுகூட வரவில்லை. அவள் இன்னொரு பட்டையை எடுத்துத் தன் விரலைக் குத்தினாள். நிறம் ஏறிக்கொண்டே போய், மாட்டின் பட்டைக்குப் பக்கத்தில் வைத்தால் எது யாருடையது என்று தெரியாதபடி நின்றது.

"நீங்க பால் குடிக்க மாட்டீங்கள்ல?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"எனக்கு ஒத்துக்காது. கடுங்காப்பிதான். ஏன், பால்ல என்ன? காய்ச்சித்தானே குடிக்கிறாங்க?"

"தீவனத்தை ஆவியில வேகவெச்சுத்தான் உருண்டை பிடிக்கிறோம். அந்தச் சூட்டைத் தாங்குற மாதிரி நான்தான் செஞ்சேன். மாட்டோட நாலு வயித்தையும் கரையாமத் தாண்டுற மாதிரி செஞ்சேன். அப்படியே ரத்தத்துல கலந்து பால்லயும் இறங்கியிருக்கு. மனுஷனுக்கு இருக்கிறது ஒரு வயிறுதானே அண்ணே."

பாலில் நிலையத்துச் சோதனைக்காரர்கள் கொழுப்பைப் பார்த்தார்கள், புரதத்தைப் பார்த்தார்கள், மருந்து மிச்சத்தைப் பார்த்தார்கள். நிறைவி மருந்துப் பட்டியலில் இல்லை. அது தீவனம். அதை யாரும் தேடவில்லை. இத்தனை நாள் வெயில் என்று நினைத்த களைப்புக்கு உண்மைப் பெயர் இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. உடம்பெல்லாம் வெட்கமாக இருந்தது.

இரண்டு பட்டைகளையும் இயக்குநர் பாலதண்டாயுதத்தின் மேசையில் வைத்தாள். "இன்னிக்கே நிறைவியை நிறுத்தணும் சார். மாவட்டமே பட்டினி கிடக்குது, யாருக்கும் தெரியலை."

அவர் பட்டைகளைத் தொடவில்லை. தன் இடுப்பு பெல்ட்டைக் காட்டினார். ஆணியால் போட்ட நான்கு புதிய துளைகள் இருந்தன.

"எனக்குத் தெரியாதுன்னு நினைக்கிறீங்களா? தெரிஞ்சுதான் குடிக்கிறேன். சோறு கேட்டு வர்ற மனு இந்த வருஷம் ஒண்ணுகூட இல்ல. நிறுத்துறீங்கன்னு வெச்சுக்குவோம். அடுத்த வாரம் பதினாலு லட்சம் பேருக்கு ஒண்ணாப் பசிக்கும். கொடுக்க என்ன வெச்சிருக்கீங்க, சொல்லுங்க?"

இலக்கியா எதிர் நாற்காலியில் சரிந்தாள்.

"யாரும் சாக மாட்டாங்க. அதுக்கும் உங்க வழியே இருக்கு" என்று அலமாரியைத் திறந்தார். உள்ளே கைக்கடிகாரம் அளவில் சின்னச் சின்ன உண்மணிகள் அடுக்கியிருந்தன. "மணி அதிர்ந்தா சாப்பிடணும், நின்னா நிறுத்தணும். இருக்கிற அரிசியைக் கணக்குப் பண்ணி நேரம் வெச்சாச்சு. நம்ம நிலையத்துலதான் முதல் சோதனை."

அவள் கையை நீட்டினாள். மறுக்கவும் தெம்பு வேண்டுமே.

ஆனால் அன்றோடு பாலை விட்டாள். கட்டைவாலுக்கும் நிறைவி இல்லாத தீவனம் போடச் சொன்னாள். முதல் சில நாள் சூசை அதற்கு உருண்டை உருட்டி வாயில் ஊட்டினார். அப்படியே டப்பாவைத் திறந்து தன் சோற்றில் பாதியை இவள் முன்னாலும் வைத்தார். "பசிக்கலேன்னாலும் தின்னுங்க" என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவருக்கே போதாத சோறு அது.

ஒன்பதாம் நாள் காலை, கொட்டகையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. கரகரவென்று, பழகாத தொண்டையிலிருந்து வந்தது. கட்டைவால் கழுத்தை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தது. கேட்டுக்கொண்டு நின்ற இலக்கியாவின் வயிற்றில் ஏதோ சுருண்டு பிடித்து இழுத்தது. வலி என்று நினைத்தாள். பிறகு, ஐயோ, பசி! சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சந்தோஷமாகவும் இருந்தது, தாங்க முடியாமலும் இருந்தது.

மத்தியானம், உண்மணி கட்டிய பிறகு மறுபடி சாப்பிட வரத் தொடங்கிய அறுபது பேர் மெஸ்ஸில் உட்கார்ந்திருந்தார்கள். கொட்டகைப் பலகையைப் போலவே ஒன்று இங்கும் சுவரில் புதிதாக மாட்டியிருந்தது. உண்மணிகள் அதிர்ந்தன. அறுபது தலைகள் குனிந்தன. ஏழு நிமிடத்தில் அதிர்வு நின்றது. பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் கையை எடுத்தார்கள்.

"இது எந்த மூலைக்குப் போதும்? இன்னொரு கரண்டி போடுங்கப்பா!" என்று சூசை எழுந்து கத்தினார்.

மெஸ் திரும்பிப் பார்த்தது. பலகையில் 'இன்றைய கத்தல்: 1' என்று சிவப்பில் விழுந்தது. இயக்குநர் சமையல்காரருக்குக் கண்ணைக் காட்டினார். சூசை முன்னால் ஒரு டம்ளர் பால் வந்தது.

"எனக்கும் சோறு வேணும்" என்றாள் இலக்கியா. அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

பலகையில் இரண்டு என்று மாறியது.

இயக்குநரே எழுந்து வந்தார். கையில் டம்ளர். அவர் முகத்தில் கோபமே இல்லை, அவளைவிடக் களைத்திருந்தார். "குடிங்க டாக்டர். இப்பவே சரியாயிடும். எதுக்கு இந்த வேதனை?"

பாலில் ஆவி பறந்தது, ஏலக்காய் மணந்தது. வயிறு பிறாண்டியது. ஒரே மடக்கில் எல்லாம் அடங்கிவிடும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த ஊரில் இல்லை. டம்ளரைக் கையில் வாங்கினாள். எதிரே சூசை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பால் தொடப்படாமல் ஆடை கட்டியிருந்தது.

இலக்கியா டம்ளரைக் கீழே வைத்தாள். மணியைக் கழற்றி அதற்குள் போட்டாள். காலித் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறை வாசலுக்குப் போய் நின்று, "பசிக்குது" என்று கத்தினாள்.

எண் மூன்றானது.