ஓடும் வீட்டின் வாசல் குழாய்

பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் உள்ள அந்தப் பட்டறைக்குள் நுழையும் எவருக்கும் ஒரு வழக்கம் தானாகவே புரிந்துவிடும். மேஸ்திரி டென்சில் ஒரு வண்டியைச் சோதித்துவிட்டு, அதன் கதவில் சாக்பீஸால் சரிக்குறி போட்டுவிட்டால், அந்தக் குறியை யாரும் அழிக்கமாட்டார்கள். யாரும் எழுதி ஒட்டிய சட்டமன்று அது. ஆனாலும் வண்டியைக் கழுவுகிறவர்கள்கூட அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டே கழுவுவார்கள்.

அன்று சரிக்குறி வாங்கி நின்றது ஒரு வீட்டு வண்டி. உள்ளே கட்டில், அடுப்பு, அலமாரி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருந்தன. டாக்டர் ஸ்ரீலக்ஷ்மி அதிலேயே தங்கி, குளிர்காலம் முழுவதும் இமயமலை ஊர்களில் மருத்துவம் பார்க்கப் போகிறார். நான்கு மணிக்கு வண்டியை எடுக்க வருவார்.

பத்து வயது மமதா அந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அதற்குக் குழாய் போட்டவர் அவளுடைய அப்பா அப்பாதுரை.

“தொட்டிய ஏன்ப்பா கட்டிலுக்கு அடியில வெச்சீங்க?”

“வெளியில வெச்சா தண்ணி கல்லா உறைஞ்சிடும் கண்ணு. உள்ளன்னா ஹீட்டர் சூடு இருக்கும். பைப்புக்கெல்லாம் ஸ்வெட்டர் போட்டிருக்கேன் பாரு.”

கறுப்பு நுரை உறைகள் குழாய்களைக் கச்சிதமாகப் பொதிந்திருந்தன. பனியையே பார்த்திராத அப்பா இவ்வளவும் யோசித்துச் செய்திருக்கிறாரே என்று மமதா வியந்தாள்.

“இது மட்டும் ஏன் வெளியில இருக்கு?” கதவருகே வெளிப்புறத்தில் பளபளத்த குழாயைக் காட்டினாள்.

அப்பாதுரையின் முகம் மலர்ந்தது. “அது பிளான்லயே இல்ல, நானா வெச்சேன். வீடுன்னா வாசல்ல கால் கழுவ ஒரு குழாய் வேணாமா? டாக்டரம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு.”

மமதா குனிந்து பார்த்தாள். அந்தக் குழாய்க்கு வரும் பைப் ஒரு முழ நீளம் வண்டிக்கு வெளியே வெறுமனே ஓடியது.

“அப்பா, போன மாசம் நான் ஃப்ரீசர்ல பாட்டில் நிறைய தண்ணி வெச்சேனே, என்ன ஆச்சு?”

“வெடிச்சுது. உங்கம்மா என்னையும் சேர்த்துத் திட்டினா.” சிரிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார்.

இந்த பைப் வெடித்தால், உறைந்தது உருகியதும் தொட்டித் தண்ணீர் முழுவதும் வெளியே கொட்டிவிடும். நடு மலையில் டாக்டரம்மா குடிக்கவும் தண்ணீரின்றி நிற்பார்.

“இதுக்கும் ஸ்வெட்டர் போட்டுடலாமா?”

“வெளியில சூடு ஏது? ஸ்வெட்டர் பத்தாது. கழட்டத்தான் வேணும்.” அவர் முகம் வாடியது.

மமதா சற்று யோசித்தாள். “பாட்டில் காலியா இருந்திருந்தா வெடிச்சிருக்குமா?”

“காலி பாட்டில் எப்படி வெடிக்கும்?”

“அப்ப பைப்பையும் காலியா வெச்சிடலாம்ப்பா! உள்ளயே ஒரு வால்வு வெச்சு மூடிட்டு, வெளிக்குழாயத் திறந்துவிட்டா, நிக்கிற தண்ணி ஓடிடும்.”

அப்பாதுரை மகளை ஏற இறங்கப் பார்த்தார். “பைப்ப ஸ்வல்ப சாய்ச்சு விட்டா ஒரு சொட்டும் நிக்காது!” அவர் கை தானாகவே பைக்குள் துழாவி ஒரு வால்வை எடுத்தது. ஆனால் கதவிலிருந்த வெள்ளைச் சரிக்குறியைக் கண்டதும் அந்தக் கை தாழ்ந்தது. மணி மூன்று.

“என்ன மேன், வேலை முடிஞ்சும் வண்டிய விட மனசு வரலையா?” டீ கிளாஸுடன் டென்சில் வந்தார். பின்னால் இன்னும் நான்கு பேர்.

அப்பாதுரை வெளிக்குழாயைத் தொட்டுக் காட்டினார். “சார், இந்தக் குழாய வெச்சது நான். தப்பும் என்னோடதுதான். பனியில வெடிச்சிடும். என் பொண்ணு கண்டுபிடிச்சா, வழியும் அவளே சொன்னா. ஒரு மணி நேரம் போதும்.”

பின்னால் நின்றவர்கள் கதவிலிருந்த சரிக்குறியைப் பார்த்தார்கள். டென்சில் குனிந்து பைப்பைப் பார்த்தார்.

அப்பாதுரை தோளில் கிடந்த துண்டை எடுத்தார். அத்தனை பேரும் பார்க்க, சரிக்குறியை அழுத்தித் துடைத்தார். தன் அப்பா இவ்வளவு உயரமா என்று மமதாவுக்குத் தோன்றியது.

“ஓரத்துல இன்னும் தெரியுது பார் மேன், நல்லாத் துடை,” என்றார் டென்சில், டீ கிளாஸை மமதாவிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு, வால்வை வாங்கிக்கொண்டே.